போ, வா, செல், இழி: சிகாகோ மின்னகராதியோடு ஓராண்டு

பெங்களூரு அல்சூரில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பதினொரு பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பொறுப்பைச் சென்ற ஆண்டு ஏற்றுக்கொண்டபோது, நம்பிப் புரட்டக்கூடிய ஓர் அகராதி இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பேசி வளரும் பிள்ளைகள் அவர்கள். ‘போ’ என்றால் என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ‘போ’ இருக்கும்போது ‘செல்’ எதற்கு, நாணயம் ஏன் ‘செல்லாமல்’ போகிறது, குடிபெயர்ந்தான் என்னும்போது அதில் ‘பெயர்’ எப்படி நுழைந்தது என்று அவர்கள் கேட்கும்போது, எனக்குத் தோன்றியதைச் சொல்லிச் சமாளிப்பது ஆசிரியருக்கு அழகன்று. சிகாகோ பல்கலைக்கழகம் கட்டணமின்றி இணையத்தில் வழங்கிவரும் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பை அந்தத் தேவைக்காகத்தான் பயன்படுத்தத் தொடங்கினேன். ஓர் அகராதியை அரிய சொற்களைக் கொண்டு சோதிப்பவர்கள் பலர். நான் இடம்விட்டு இடம் செல்வதைக் குறிக்கும் எளிய வினைகளைக் கொண்டு சோதித்தேன். மிகுதியாகப் புழங்கித் தேய்ந்தவை அவைதாம். தேய்ந்த சொல்லின் பழைய விளிம்பை எடுத்துக் காட்டுவதில்தான் அகராதியின் தரம் தெரியும் என்பது என் எண்ணம்.

தொகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தெற்காசிய மொழிகள் பலவற்றின் அகராதிகள் அதில் இருக்கின்றன. தமிழுக்கு 1862இல் சென்னையில் அச்சான வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதியும், அதற்கும் மூத்த மரபைச் சேர்ந்த பப்ரிசியசின் அகராதியும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் கிடைக்கின்றன. பேரகராதியின் பணி 1913இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கியது, 1926இல் எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்று, 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவு செய்தார். 1939இல் பின்னிணைப்புத் தொகுதி வந்தது. இவற்றோடு தாமஸ் பர்ரோவும் மர்ரே எமனோவும் உருவாக்கிய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் அதே தளத்தில் இருக்கிறது. 1961இல் முதற்பதிப்பும் 1984இல் திருத்திய பதிப்பும் வந்த அந்த நூல், 5,500க்கும் மேற்பட்ட சொற்குடும்பங்களை எண்ணிட்டு அடுக்கி, ஒவ்வொன்றிலும் தமிழில் தொடங்கி, மலையாளம், கோத்தம், தோடம், கன்னடம், குடகு, துளு, தெலுங்கு என்று நடந்து, பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகூயி வரை போகிறது. பேரகராதி சொல்லின் ஆழத்தைக் காட்டுவது, சொற்பிறப்பியல் அகராதி அதன் அகலத்தைக் காட்டுவது. இரண்டையும் இரு சாளரங்களாகத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பதுதான் இந்தச் சேவையைப் பயன்படுத்தும் சரியான முறை என்று ஓராண்டு அனுபவத்தில் கண்டுகொண்டேன். பெங்களூருத் தமிழருக்கு இது இருமடங்கு உண்மை. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பேரகராதியில் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம். சொல், அதன் ரோமன் எழுத்து வடிவம், வினையாக இருந்தால் அது எந்த வாய்பாட்டின்படி திரியும் என்பதைச் சுட்டும் எண், இன மொழிகளில் அதன் வடிவங்கள், ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள், சான்றாக ஓர் இலக்கிய வரி என்று பதிவு அமைந்திருக்கும். அந்த எண்ணைப் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முதற்பெரும் உதவியாக இருந்தது. ‘பெயர்’ என்ற வினையைத் தேடும்போது ‘பெயர்தல்’ ஒன்றாகவும் ‘பெயர்த்தல்’ வேறொன்றாகவும் பிரித்துத் தரப்படுகின்றன. பெயர்ந்தான் என்றால் தானே நகர்ந்தான். பெயர்த்தான் என்றால் மற்றொன்றை அதன் இடத்திலிருந்து எடுத்தான். புலம்பெயர்தல், குடிபெயர்தல், இடம்பெயர்தல் ஆகியவை முதல் வகை. மொழிபெயர்த்தல் இரண்டாம் வகை. மொழிபெயர்ப்பில் பொருள் ஒரு மொழியிலிருந்து கிளப்பப்பட்டு மற்றொரு மொழியில் கொண்டுவைக்கப்படுகிறது என்று சொன்னவுடன், ‘நேம்’ என்ற பொருளிலேயே அந்தச் சொல்லைக் கேட்டுப் பழகியிருந்த பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. ‘சனிப்பெயர்ச்சி’ என்று பாட்டி சொல்வதும் இதே பெயர்தானா என்று ஒரு பெண் கேட்டாள். இதேதான், ஒரு ராசியை விட்டு அடுத்த ராசிக்குக் கோள் நகர்வதால் அது பெயர்ச்சி.

இதே சொல்லை வைத்து மேலும் ஒரு மணி நேரம் பாடம் நடத்தலாம். குறுந்தொகையின் 11ஆம் பாட்டில், வடுகர் எல்லைக்கு அப்பால் இருக்கும் நிலத்தை மாமூலனார் ‘மொழிபெயர் தேஎம்’ என்கிறார். பேசும் மொழி மாறிவிடும் தேசம் என்பது பொருள். பொருள் தேடித் தலைவன் போன அந்தத் தேசத்துக்குத் தலைவியும் போகத் துணிகிறாள். பட்டினப்பாலை, பல மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து இனிது உறைந்தவர்களைப் ‘புலம்பெயர் மாக்கள்’ என்கிறது. இன்று ஈழத் தமிழர்களின் துயரம் தோய்ந்த வாழ்வோடு ஒட்டிக்கொண்டுவிட்ட அந்தத் தொடர், ஈராயிரம் ஆண்டுக்கு முன் வணிகத்துக்காக வந்து தங்கிய அயலாரைக் குறித்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, அப்படியானால் நாமும் புலம்பெயர் மாக்கள்தானே என்றான் வகுப்பிலேயே சிறியவன். அவன் கொள்ளுத்தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூரின் தண்டு (கண்டோன்மென்ட்) பகுதிக்குக் கூலி வேலைக்கு வந்தவர். ஆம் என்றேன்.

செல் என்ற சொல்லுக்கு வருவோம். இந்த ஒரு சொல்லுக்காகவே பேரகராதியைத் திறக்கலாம். செல்லுதல் என்ற வினை ஒருபுறம் இருக்க, மேகத்துக்கும் இடிக்கும் கறையானுக்கும்கூடச் செல் என்ற பெயர் உண்டு. செல்லரித்த ஏடு என்று நாம் இன்றும் சொல்வது கறையான் தின்ற ஏட்டைத்தான். ஆனால் பிள்ளைகளின் கேள்வி நாணயத்தைப் பற்றியது. கிழிந்த நோட்டைக் கடைக்காரர் ‘இது செல்லாது’ என்று திருப்பிக் கொடுக்கிறார். போகவேண்டியது மனிதர்தானே, பணம் எங்கே போகும்? கைவிட்டுக் கை போவதுதான் பணத்தின் வேலை, அந்தப் பயணம் நின்றுவிட்டால் அது செல்லாக்காசு. இங்கேதான் இரண்டாவது சாளரம் கைகொடுத்தது. செல் என்பதன் கன்னட உறவு ‘சல்லு’. கன்னடத்தில் அது இடம்விட்டு இடம் போவதைக் குறிப்பதைவிட, பொருந்துதல், உரியதாதல், ஏற்கப்படுதல் ஆகியவற்றைக் குறிக்கவே இன்று மிகுதியாகப் பயன்படுகிறது. தகாத செயலைக் கண்டித்து ‘இது சல்லது’ என்பார்கள்.

12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பசவண்ணரின் வசனம் ஒன்றைக் கன்னடப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். மண்ணுலகம் படைத்தவனின் ‘கம்மட’. இங்கே சல்லுபவர் அங்கேயும் சல்லுவர், இங்கே சல்லாதவர் அங்கேயும் சல்லார் என்பது அதன் கருத்து. கம்மடம் என்பது நாணயம் அச்சடிக்கும் சாலை. தமிழில் அதைக் கம்பட்டம் என்பார்கள். இந்த உலகமாகிய அச்சுச்சாலையில் நல்ல காசாக வெளிவந்தவன் எங்கும் செல்லுபடியாவான் என்று பசவண்ணர் சொல்லும்போது, நம் ‘செல்’லின் இரண்டு பொருள்களும் ஒரே வரியில் ஒளிர்கின்றன. என் மாணவர்களுள் ஒருத்தி அந்த வசனத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தாள். சல்லுவதும் செல்லுவதும் ஒன்றே என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, தனக்குச் சொந்தமான ஒரு பொருள் வேறு வீட்டில் இருக்கக் கண்டவள்போல் அவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள்.

அடுத்தது இழி. இந்தச் சொல்லைத் தமிழ் பேசும் எவரும் இன்று நல்ல பொருளில் பயன்படுத்துவதில்லை. இழிவு, இழிசெயல், இழித்துரைத்தல் என்று தாழ்வின் சொல்லாகவே நமக்கு அது எஞ்சியிருக்கிறது. பேரகராதியில் தேடினால் இறங்குதல் என்ற பழம்பொருள் வந்து நிற்கிறது. தேரிலிருந்து இழிவது, யானையிலிருந்து இழிவது எல்லாம் பழைய நூல்களில் இயல்பான பேச்சு. ‘இழுமென இழிதரும் அருவி’ என்று திருமுருகாற்றுப்படை பழமுதிர்சோலையின் அருவியைச் சொல்லும்போது அந்த நீரில் எந்தத் தாழ்வும் இல்லை. ஒலியோடு இறங்கி வருகிறது, அவ்வளவுதான். பொருள் எப்படி மாறியது என்பதற்கு 964ஆம் குறளைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தலையின் இழிந்த மயிர், நிலையின் இழிந்த மாந்தர் என்று ஒரே குறளில் வள்ளுவர் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறார். முதல் இழிதல் கண்ணுக்குத் தெரியும் இறக்கம். இரண்டாம் இழிதல் மதிப்பின் இறக்கம். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்துதான் என் மாணவர்களில் பாதிப்பேர் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுக்கு இந்தக் குறளை அடுத்த வாரமே மனப்பாடப் பாடமாகக் கொடுத்தேன்.

நமக்கு நூலில் மட்டும் எஞ்சிய அந்தப் பழம்பொருள் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் நூறு முறை ஒலிக்கிறது என்பதைத் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி எனக்குக் காட்டிக் கொடுத்தது. நிறுத்தம் வந்ததும் நடத்துனர் ‘இளீரி, இளீரி’ என்கிறார். இறங்குங்கள் என்று பொருள். பழங்கன்னடத்தின் சிறப்பு ழகரம் பின்னாளில் ளகரமாகிவிட்டது. ஆகவே அந்த இளி நம் இழியேதான். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெங்களூருப் பேருந்தில் போய்வந்துகொண்டிருந்தும், திருமுருகாற்றுப்படையின் வினை ஒன்றைத்தான் நடத்துனர் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. ஏறச் சொல்லும் ‘ஹத்தி’யும் அப்படியே. கன்னடத்தின் பழைய பகரம் ஹகரமாக மாறியதால், பால் ஹாலு ஆனது, புலி ஹுலி ஆனது, பத்து ஹத்து ஆனது. ஏறுவதைக் குறிக்கும் ஹத்து நம் ‘பற்று’ என்ற வினையின் உறவு. கம்பியைப் பற்றாமல் ஓடும் பேருந்தில் ஏறிவிட முடியாது என்பதால் அந்தப் பொருள் மாற்றம் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துப்போயிற்று. ‘முந்தே ஹோகி’ என்பது முன்னே போங்கள். ஹோகு நம் போகு.

ஆனால் அந்த ‘முந்தே’ வகுப்பில் பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. அதைத் தீர்ப்பதற்காகச் செலவிட்ட மாலைப்பொழுதை இந்தச் சேவையோடு கழித்த நல்ல பொழுதுகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். மெட்ரோவில் ‘முந்தின நில்தாண’ என்று அறிவிக்கிறார்கள். அடுத்த நிலையம் என்று பொருள். தமிழில் முந்தின நிலையம் என்றால் கடந்து வந்துவிட்ட நிலையம். சென்னையிலிருந்து வந்திருந்த தன் அத்தை, அல்சூரில் இறங்க வேண்டியவர், அந்த அறிவிப்பைக் கேட்டு நிலையம் போய்விட்டது என்று எண்ணிப் பதறி எழுந்ததாக ஒரு மாணவன் சொன்னான். ஒரே வேர் எப்படி இரண்டு மொழிகளில் நேர் எதிரான பொருளைத் தரும்? இரண்டு அகராதிகளையும் மாறி மாறிப் பார்த்தபோது விடை தெளிந்தது. வேர் ‘முன்’, அதன் பொருள் முகத்துக்கு நேராக இருக்கும் பக்கம். போகிறவனுக்கு முன்னால் இருப்பது இனி அவன் சேரப்போகும் இடம். ஆகவே கன்னடத்தில் முந்தின என்பது அடுத்தது. வரிசையில் வருபவற்றுள் முன்னால் இருப்பது முதலில் வந்துவிட்டது. ஆகவே தமிழில் முந்தின என்பது கடந்துபோனது. ‘பின்’ என்பதும் இதற்கு ஏற்பவே திரும்பி நிற்கிறது: தமிழில் பிந்தியது என்றால் தாமதமாக, பிறகு வருவது, கன்னடத்தில் ‘ஹிந்தின’ என்றால் முன்பு கடந்தது. தமிழிலும்கூட ‘முன்னால் போ’ என்னும்போது இனி வரும் இடத்தையும் ‘முன்னாள்’ என்னும்போது கழிந்த நாளையும் குறிக்கிறோம் என்று எடுத்துச்சொன்னவுடன், இரண்டு மொழிகளில் ஒன்று தவறு செய்துவிட்டது என்ற எண்ணம் பிள்ளைகளிடமிருந்து அகன்றது. ஒருவர் நடந்துபோகிறார், மற்றொருவர் நின்று பார்க்கிறார். வழியைச் சொல்வதில் இவ்வளவு நுட்பம் இருக்கிறது என்பதைக் கற்பனையாக நான் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வருவதைக் குறிக்கும் சொல்லின் குடும்பம் மிகப் பெரியது. தமிழில் வா, கன்னடத்தில் பா, அதன் வேர் வடிவம் ‘பர்’. வடக்கே குடுக் மொழியிலும் வருவதற்கு ‘பர்’ என்ற வேர்தான்; பலுசிஸ்தானத்துப் பிராகூயியிலும் ‘பர்’ இருக்கிறது. அல்சூர்ச் சந்தையில் காய் விற்பவர் ‘வாருங்கள்’ என்ற பொருளில் கூப்பிடும் ‘பன்னி’க்கும் அத்தனை தொலைவிலுள்ள மலைநாட்டார் கூப்பிடும் சொல்லுக்கும் தாய் ஒன்று. இந்தப் பதிவைத் திறந்து, நிலப்படத்தில் ஒவ்வோர் இடமாகப் பிள்ளைகளைக் கொண்டு குறிக்கச் செய்தேன்.

தமிழ் இலக்கணம் இந்தச் சொற்களை எவ்வளவு கூர்ந்து பார்த்தது என்பதையும் அப்போது சொல்ல நேர்ந்தது. உங்கள் வீட்டுக்கு நான் புறப்படும்போது ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும், என் வீட்டைவிட்டுப் போகத்தானே போகிறேன் என்று கேட்டார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இதற்கு விடை இருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை ஆகிய நான்கு சொற்களுள் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்கிறது அது. பேசுகிறவரும் கேட்கிறவரும் இருக்கும் இடத்தை நோக்கி நடந்தால் வரவு. அந்த இருவரையும் விட்டு விலகி மூன்றாமவரை நோக்கி நடந்தால் செலவு. இந்த நுணுக்கத்தை எந்த அகராதியும் ஒரு வரிப் பொருளில் அடக்கிவிட முடியாது. இங்கே ஆசிரியர் இலக்கண நூலுக்குத்தான் போக வேண்டும்.

தா என்ற சொல்லில் கன்னடம் நம்மிடமிருந்து சற்று விலகிப்போகிறது. கன்னடத்தில் ‘தரு’ என்றால் கொண்டுவருதல். உணவகத்தில் ஒரு பெரியவர் ‘நீரு தன்னி’ என்று கேட்டதைக் கண்டு, நீர் என்றும் தண்ணீர் என்றும் இரண்டு முறை ஏன் கேட்கிறார் என்று என் மகள் சிறுமியாக இருந்தபோது வியந்தது நினைவுக்கு வருகிறது. தண்ணீர் கொண்டு வாருங்கள் என்பது அதன் பொருள். பழந்தமிழிலும் தருதலுக்கு அந்தப் பொருள் உண்டு. சிலப்பதிகாரத்தில் ‘கலந்தரு திருவிற் புலம்பெயர் மாக்கள்’ என்று வரும் அடியில், கலம் தரு திரு என்பது மரக்கலம் கொண்டுவந்த செல்வம். ஓர் அடிக்குள் பொருளும் வருகிறது, மனிதரும் பெயர்ந்து வருகிறார்கள்.

விடைபெறும் சொல்லில் மீண்டும் இரு மொழிகளும் ஒன்றாகிவிடுகின்றன. போகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்குவது நமக்கு அமங்கலம். போய் வருகிறேன் என்கிறோம். கன்னடத்தார் ‘ஹோகி பர்தீனி’ என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் அதேதான்.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். பெரிய குறை, திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் சொற்கள் யாவும் புள்ளியும் கோடும் இட்ட ரோமன் எழுத்தில் இருப்பது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அந்த அரிய நூல் மூடிய கதவாகவே இருக்கும். மொழிகளின் பெயர்களும் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களாக இருப்பதால், அவற்றின் பட்டியலை ஒருமுறை எழுதி அருகில் வைத்துக்கொள்ளாமல் யாரும் தொடங்கக் கூடாது. நான் ஒவ்வொரு பாடத்துக்கும் தேவையான பதிவுகளைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதிக்கொள்கிறேன். ஒரு பதிவுக்கு அரைமணி நேரம் ஆகும். மற்றொன்று, பேரகராதியின் தலைச்சொல் தேடலில் வேர்ச்சொல்லைத்தான் இட வேண்டும். போனான், வந்தவள், சென்றோம் என்று பாடநூலில் உள்ளபடியே தட்டினால் பயனில்லை. வயது வந்தவர்களுக்கு இது பெரிய தடையன்று, ‘சென்ற’ என்பதன் வேர் ‘செல்’ என்று தெரியாத பிள்ளைக்கோ அகராதி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தரத்தான் வேண்டும்.

பேரகராதி 1939இல் நின்றுவிட்ட நூல் என்பதையும் மறக்கக் கூடாது. ஆட்டோ பிடிப்பதையும் பேருந்தைத் தவறவிடுவதையும் அதில் தேடுவது முறையாகாது. இக்கால உரைநடையில் ஒரு வினை எப்படி நடக்கிறது என்பதைக் காண, ‘மழை வரப்போகிறது’ என்பதில் உள்ள போ எங்கே போகிறது, ‘உடைந்துபோயிற்று’ என்பதில் உள்ள போ எதைக் குறிக்கிறது என்பதை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்க, 1992இல் முதலில் வெளிவந்து 2008இலும் 2020இலும் விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை விலை கொடுத்து வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. சொற்பிறப்புக் குறிப்புகளைப் பொறுத்தவரை, தமிழ்ச் சொற்கள் பலவற்றைப் பேரகராதி வடமொழிவழி வந்தவையாகக் காட்டிவிட்டது என்று தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்ததையும், அந்த மறுப்பின் தொடர்ச்சியாகத் தமிழ்நாட்டு அரசு 1974இல் அவரை இயக்குநராகக் கொண்டு சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கியதையும் ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டும். பயணம், யாத்திரை போன்ற சொற்களின் வழி தெளிவானது. வேறு பல சொற்களில் ஒரு நூலின் தீர்ப்பை மட்டும் வைத்து வகுப்பில் முடிவு சொல்லிவிடுவதை நான் தவிர்க்கிறேன்.

வேற்றுமொழிச் சொற்களை எங்கிருந்து வந்தவை என்று பேரகராதி குறிப்பது எங்கள் ஊருக்கு மிகவும் பொருந்தும். பெங்களூருத் தமிழர் வீடு மாறும்போது ‘காலி பண்ணுகிறோம்’ என்கிறார்கள். என் பாட்டி ‘ஜாகை மாற்றுகிறோம்’ என்பார். காலியும் ஜாகையும் உருது வழியாக வந்தவை. பத்து மாத முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சிக் குடிபோகும் வரையிலான அந்த நிகழ்வில் எத்தனை மொழிகள் கலந்து நிற்கின்றன என்று பட்டியலிட்டு வரச்சொன்னேன். ஒரு பிள்ளை பதினேழு சொற்களோடு வந்தாள்.

எழுதிய மொழியை நம்பி உருவான எந்த அகராதிக்கும் வாய்மொழி தப்பிவிடும் என்பதற்கும் அந்தப் பட்டியலே சான்றானது. அதில் ‘இட்டாந்தேன்’ என்று ஒரு சொல் இருந்தது. பள்ளியிலிருந்து பேத்தியை இட்டாந்தேன் என்று அவள் பாட்டி சொல்வாராம். அழைத்து வந்தேன் என்பது பொருள், வடார்க்காட்டுப் பக்கத்துப் பேச்சு. அதை அப்படியே பெட்டியில் தட்டினால் எந்த விடையும் வராது. இடு, கொண்டு, வா என்று உடைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் கிடைத்தது. ஆனால் அவை ஒன்று சேர்ந்து, நடந்து தேய்ந்து, அந்தப் பாட்டியின் வாயில் ஒரே சொல்லாகிப்போன வடிவம் எங்கள் குறிப்பேட்டில்தான் இப்போது இருக்கிறது.

வாரம் ஒரு மணி நேரமாவது ஒதுக்கிப் பதிவுகளைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர விரும்பும் பெற்றோருக்கும் இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒரு சொல்லுக்கு ஒரு வரிப் பொருள் மட்டும் போதும் என்பவருக்கு இது ஏற்றதன்று. முதன்முறை திறப்பவர்கள் ‘நட’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். நடப்பதும், நடப்பு என்று செய்தி சொல்வதும், நடத்தை என்று ஒருவரை மதிப்பிடுவதும், கன்னடத்தார் அதையே ‘நடதெ’ என்பதும் அடுத்தடுத்து வரும். அங்கிருந்து ஒழுகுதலுக்கும் ஒழுக்கத்துக்கும் போக ஒரு சொடுக்குதான்.